திறப்பு யாருடைய கையில்? கார் எஞ்சினுக்குப் பூட்டு வந்த கதை

போன மாரியில் எங்கள் நண்பன் ஒருவனின் வீட்டுக் காருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. ஜப்பானில் யாரோ பாவித்து, பிறகு இங்கே வந்த சின்னக் கார். தண்ணி வடிந்த பிறகு பார்த்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கொம்பியூட்டர் பெட்டி பழுதாகியிருந்தது. புதுசு வாங்குகிற அளவுக்கு வீட்டில் வசதி இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே மொடலுக்கு, அதே பாட்ஸ் நம்பரோடு பாவித்த பெட்டி ஒன்று எடுத்துவந்து பூட்டினார்கள். திறப்பைத் திருப்பினால் ஸ்டாட்டர் சுத்துகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது.

கராஜ் அண்ணை சிரித்தார். "பிள்ளையள், பெட்டியில பிழை இல்லை. திறப்பிலயும் பிழை இல்லை. ரெண்டும் ஒண்டையொண்டு தெரியாதுகள், அவ்வளவுதான்."

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆட்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் முழிப்போம். ஆனால் ஒரு விசயம் எப்ப தொடங்கினது, ஏன் தொடங்கினது, ஆருக்கு நன்மை, ஆருக்கு நட்டம் என்று கேட்பது எங்கட வேலை. காசு குடுத்து வாங்கிய கார், காசு குடுத்து வாங்கிய நல்ல பெட்டி, கையில் சொந்தத் திறப்பு. இருந்தும் கார் "நீ ஆர்?" என்று கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்க கார் எப்போது பழகியது? தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வயரும் ஒரு திறப்பும்

ஆரம்பகாலக் கார்களுக்கு முன்னால் இரும்புக் கைபிடி ஒன்றைச் செருகிச் சுத்தினால்தான் எஞ்சின் பிடிக்கும். 1912இல் கடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டாட்டர் வந்தது. கை முறிகிற ஆபத்துப் போனது, காரைக் கிளப்புவது லேசானது. உரிமையாளருக்கு லேசான வேலை கள்ளனுக்கும் லேசுதான்.

இதை அப்போதே யோசித்த ஆட்கள் இருந்தார்கள். 1919இல் அமெரிக்காவில் சென் ஜோர்ஜ் எவன்ஸ், எட்வேர்ட் பேர்க்கன்பியூவல் என்ற இருவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சுவிச்சுகள். சரியான ஒழுங்கில் வைத்தால் எஞ்சினுக்கு மின்சாரம் போகும். பிழையாக வைத்தால் எஞ்சின் பிடிக்காது, ஹோர்ன் அடிக்கும். இப்போது நாங்கள் இமொபிலைசர் என்று சொல்வதன் அடிப்படை எண்ணம் நூறு வருசத்துக்கு முன்னரே இருந்திருக்கிறது. ஆனால் அது பரவவில்லை.

பரவியது வேறொன்று. 1949இல் கிறைஸ்லர் நிறுவனம் திறப்பைத் திருப்பினாலே எஞ்சின் ஸ்டாட் ஆகும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் எங்கட கை பழகியிருப்பது அந்த அசைவுக்குத்தான். ஆனால் அந்தத் திறப்பு செய்த வேலை என்ன? இரண்டு வயர்களை இணைத்தது, அவ்வளவுதான். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு அதே வயர்களைத் தொடுத்தாலும் அதே பலன். படங்களில் கதாநாயகன் ஐந்து செக்கனில் செய்கிற வேலை இதுதான்.

1970இலிருந்து அமெரிக்கச் சட்டம் புதிய கார்களில் திறப்பை எடுத்தால் ஸ்டியரிங்கோ கியரோ பூட்டப்பட வேண்டும் என்றது. நல்ல முயற்சி. ஆனாலும் அது இரும்புக்கு இரும்பு போட்ட பூட்டு. பலமான சுத்தியலும் திருப்புளியும் உள்ளவனை அது கொஞ்ச நேரம் தாமதிக்க வைத்தது, தடுக்கவில்லை.

புகையால் வந்த கொம்பியூட்டர்

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். பூட்டின் வரலாற்றை மாற்றிய பொருள் கள்ளனை நினைத்துச் செய்யப்பட்டதே இல்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண்ணை எரிக்கிற புகைமூட்டம் ஒரு பெரும் பிரச்சினையாக இருந்தது. ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் அதற்குக் காரணம் கார்ப்புகையும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேதிவினை என்று காட்டினார். கலிபோர்னியா புகைக்கு எதிராகச் சட்டம் போடத் தொடங்கியது. 1970இல் அமெரிக்கா முழுவதற்கும் கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தது. பழைய காபரேட்டரால் அந்தச் சட்டங்களுக்கு ஈடுகொடுப்பது கஷ்டமானது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்று கணத்துக்குக் கணம் பார்த்து முடிவெடுக்க ஒன்று தேவைப்பட்டது.

1967இல் வொக்ஸ்வாகன் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் பொஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் முறை பெற்றோலை அளந்து விசிறியது. 1979இல் அதே பொஷ்ஷின் மோட்ரொனிக் என்ற பெட்டி பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் வந்தது. பெற்றோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்ற இரண்டு முடிவும் முதல்முறையாக ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் போயின. இதுதான் இப்போது மெக்கானிக்மார் ஈ.சி.யூ என்று சொல்கிற எஞ்சின் கொம்பியூட்டரின் முன்னோடி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அதுவரை எஞ்சின் ஓடுவதா இல்லையா என்பது வயரில் இருந்தது. இப்போது அது ஒரு கணக்கின் முடிவு. வயரை யாரும் தொடுக்கலாம். "பெற்றோல் விடமாட்டேன்" என்று ஒரு கொம்பியூட்டர் தீர்மானித்தால் எந்த வயரைத் தொடுத்து அதன் மனதை மாற்றுவது? பூட்டுப்போடப் பொருத்தமான இடம் இப்படித்தான், புகைக்குப் பயந்து, தற்செயலாக உருவானது.

அறிமுகம் செய்து வைத்தல்

அந்த இடத்தை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது ஜெனரல் மோட்டர்ஸ். அடிக்கடி களவு போன கோர்வெட் காரின் 1986 மொடலில் திறப்பின் உலோகத் தண்டுக்குள் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தார்கள். மொத்தம் 15 வகையான அளவுகள். திறப்பின் பல்லு சரியாக இருந்தாலும் தடையின் அளவு பிழைத்தால் ஸ்டாட்டரும் சுத்தாது, பெற்றோலும் வராது. திரும்ப முயற்சிக்கச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் 15 என்பது பெரிய எண் இல்லை. பொறுமையுள்ள கள்ளனுக்கு 15 திறப்புகள் போதும்.

அடுத்த கட்டம் ஐரோப்பாவில் நடந்தது. பெர்லின் சுவர் விழுந்து கிழக்கு எல்லைகள் திறந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் கார்க்களவு ஏறியது. இழப்பீடு கட்டிக் களைத்த காப்புறுதி நிறுவனங்கள், இலத்திரனியல் பூட்டு வேண்டும் என்று நெருக்கின. 1995 நவம்பர் 8ஆம் திகதி ஐரோப்பிய ஆணைக்குழு இதற்கான பணிப்புரையை வெளியிட்டது. 1998 ஒக்டோபரிலிருந்து அங்கே விற்கிற புதிய கார் எல்லாவற்றிலும் இமொபிலைசர் கட்டாயமானது. அவுஸ்திரேலியா 2001இலும் கனடா 2007 செப்டெம்பரிலும் அதே வழியில் போயின.

இது வேலை செய்கிற விதத்தைக் கராஜ் அண்ணை எங்களுக்குச் சொல்லித் தந்தார். திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதற்குப் பற்றரி இல்லை. திறப்பு போகிற துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். திறப்பைப் போட்டதும் அந்தச் சுருளின் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்குத் தேவையான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. முதலில் வந்த சிப்புகள் தங்கள் இலக்கத்தை அப்படியே சொல்லின. ஒருமுறை ஒட்டுக்கேட்டால் யாரும் அதைத் திருப்பிச் சொல்லலாம். அதனால் கேள்வி பதில் முறை வந்தது.

இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஏதாவது ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்வார். மற்றவர் அதை ரகசிய எண்ணோடு கலந்து ஒரு கணக்குச் செய்து விடையை மட்டும் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேள்வியும் கேட்கும், விடையும் கேட்கும். ஆனால் அடுத்த முறை கேள்வி வேறு. ரகசியம் வாயை விட்டு வெளியே வரவே இல்லை. காரும் திறப்பும் ஒரு செக்கனுக்குள் செய்வது இதைத்தான்.

அதோடு முடியவில்லை. திறப்பைச் சோதிக்கிற பகுதி சில கார்களில் தனிப் பெட்டி, சிலதில் மீற்றருக்குள்ளே, சிலதில் ஈ.சி.யூவுக்குள்ளேயே. தனியாக இருந்தால் அந்தப் பெட்டிக்கும் ஈ.சி.யூவுக்கும் நடுவில் இன்னொரு விசாரணை நடக்கும். இல்லாவிட்டால் கள்ளன் பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிட்டுப் போவானே. அதனால் தொழிற்சாலையிலேயே இவற்றை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைத்து, அந்தச் சோடியின் அடையாளத்தை இரண்டு பக்க நினைவகத்திலும் எழுதிவிடுகிறார்கள். அறிமுகமில்லாத ஈ.சி.யூ வந்தால் ஸ்டாட்டர் சுத்தும், எஞ்சின் பிடிக்காது. சில கார்களில் ஒரு செக்கன் பிடித்துவிட்டு நிற்கும். எங்கள் நண்பன் வீட்டில் நடந்ததும் இதுதான்.

களவு எங்கே போனது?

இவ்வளவு மினக்கெட்டதற்குப் பலன் கிடைத்ததா? கிடைத்தது. நெதர்லாந்தின் 1995 முதல் 2008 வரையான தரவுகளை யான் வான் ஊர்ஸ், பென் வொலார்ட் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கட்டாய இமொபிலைசர் கார்க்களவைச் சராசரியாக 40 வீதமளவில் குறைத்தது என்பது அவர்களது மதிப்பீடு. ஒரு சின்னச் சிப்புக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கணக்கில் எடுத்தது. கள்ளர்களில் ஒரு பகுதியினர் தொழிலை விடவில்லை, பூட்டில்லாத பழைய கார்களுக்குத் தாவினார்கள். பழைய கார் வைத்திருப்பவர் யார்? புதுக்கார் வாங்க வழியில்லாதவர். அதாவது ஒருவரின் பாதுகாப்பு இன்னொருவரின் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டியது.

இதை உணர்ந்து நடந்த ஊரும் உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரம் 2000களின் நடுவில் கார்க்களவுக்குப் பேர்போனது. அங்கே கார்க் காப்புறுதி மாகாணப் பொது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது அதிகம் களவுபோகிற பழைய மொடல்களுக்கு இலவசமாகவே இமொபிலைசர் பூட்டிக் கொடுத்தது. பிறகு அந்த வகைக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. களவு மளமளவென்று இறங்கியது.

எதிர்ப்பக்க உதாரணம் அமெரிக்கா. அங்கே சட்டம் இமொபிலைசரைக் கட்டாயமாக்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களாகவே போட்டன. ஹூண்டாயும் கியாவும் விலை குறைந்த வகைகளில் தவிர்த்தன. 2015ஆம் ஆண்டு மொடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 வீதத்தில் இமொபிலைசர் வழக்கமான உறுப்பாக இருந்தது. இந்த இரண்டு நிறுவனங்களில் 26 வீதம்தான். சட்டம் இருந்த கனடாவில் இதே நிறுவனங்கள் போட்டுத்தான் விற்றன. 2021, 2022இல் இந்தக் கார்களைத் திருடுவது சமூக வலைத்தளங்களில் இளம் பெடியளின் விளையாட்டாகப் பரவியது. மில்வாக்கி போன்ற நகரங்களில் களவு வெடித்தது. 2023 பெப்ரவரியில் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் குறைந்தது 14 விபத்துகளும் 8 மரணங்களும் இதோடு தொடர்புபட்டவை என்றது. மிச்சம் பிடித்த அந்தச் சின்னச் சிப்பின் விலையைக் கட்டியவர்கள் மலிவான கார் வாங்கியவர்களும், அந்தத் தெருக்களில் நின்றவர்களும்தான்.

ரகசியத்தைக் காப்பது ஆர்?

1883இல் ஆகுஸ்ட் கேர்க்ஹொவ்ஸ் என்ற மொழியறிஞர் ராணுவ ரகசிய எழுத்துப் பற்றி எழுதும்போது ஒரு விதி சொன்னார். முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதிப்பு வரக்கூடாது, திறவுகோல் மட்டுமே ரகசியமாக இருக்கவேண்டும். கார்ச் சிப் செய்தவர்கள் இதைக் கேட்கவில்லை. கணக்கு முறையையே மறைத்து வைத்தார்கள்.

2005இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாணவர்களும் ஆர்.எஸ்.ஏ ஆய்வகத்தோடு சேர்ந்து, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் சிப்பின் மறைத்த முறையைக் கண்டுபிடித்து உடைத்துக் காட்டினார்கள். 2012இல் ஹிடாக்2 என்ற இன்னொரு பரவலான சிப் ஆய்வாளர்களிடம் விழுந்தது. அடுத்தது மெகாமோஸ். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஃபிளாவியோ கார்சியாவும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரும் அதன் பலவீனத்தைக் கண்டு, தயாரிப்பாளருக்கு மாதக்கணக்கில் முன்னரே அறிவித்துவிட்டுக் கட்டுரை எழுதினார்கள். 2013இல் வொக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை வாங்கியது. இரண்டு வருசம் கழித்து, 2015இல், ஒரே ஒரு வசனம் நீக்கப்பட்டுக் கட்டுரை வெளிவந்தது.

தடையால் யாருக்கு நன்மை? அந்த இரண்டு வருசமும் கார்க்காரருக்குத் தங்கட பூட்டு பலவீனம் என்பதன் விபரம் கிடைக்கவில்லை. கள்ளர்கள் கட்டுரை வாசித்துத் தொழில் படிக்கிறவர்கள் இல்லை. நிறுவனத்தின் பயமும் முழுக்கப் பொய்யில்லை, வீதியில் ஓடுகிற கோடிக்கணக்கான காரின் சிப்பை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆனால் கேள்வி அங்கேதான் இருக்கிறது. எங்கள் காரின் ரகசியம் எங்களுக்குத் தெரியாமல், நிறுவனத்துக்கு மட்டும் தெரிய வேண்டுமா?

அந்தக் கேள்வி களவோடு நிற்கவில்லை, திருத்த வேலைக்கும் வந்தது. ஈ.சி.யூ மாற்ற, தொலைந்த திறப்புக்குப் பதில் புதிது சேர்க்க, நிறுவனத்தின் கருவியும் கோட்டும் வேண்டும். சில நிறுவனங்கள் இன்னொரு காரில் ஓடிய பெட்டியை ஏற்கவே மாட்டா. கள்ளனுக்குப் போட்ட பூட்டு தெருமுனைக் கராஜுக்கும் சேர்த்து விழுந்தது.

2012இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்து இதற்கு ஒரு பதில் தேடினார்கள். நிறுவனத்தின் சொந்தக் கராஜுக்குக் கிடைக்கிற திருத்தத் தகவல் வெளிக் கராஜுக்கும் கிடைக்கவேண்டும் என்றது சட்டம். இமொபிலைசர் தகவலுக்கு மட்டும் தனி வழி வைத்தார்கள். பின்னணி சரிபார்த்துப் பதிவுசெய்யப்பட்ட திறப்புக்காரரும் மெக்கானிக்கும், வந்தவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்று பார்த்துவிட்டுக் கோட்டைப் பெறலாம். பூட்டையும் கழற்றவில்லை, சாவியை ஒரே ஆளிடம் விடவுமில்லை. நாங்கள் தேடியதில் நியாயமாகப் பட்ட ஏற்பாடு இது.

எங்கட பக்கம்

ஐரோப்பிய ஆணைக்குழு அந்தப் பணிப்புரையை வெளியிட்ட 1995 நவம்பர் 8க்கு ஒன்பது நாள் முன்னர்தான், ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தார்கள். அந்த வருசங்களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைக் கொஞ்சப் பெற்றோல் காட்டி ஸ்டாட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்று எங்கட அம்மா அப்பாக்கள் இப்பவும் கதைப்பார்கள். அது முடிந்ததற்குக் காரணம் எங்கட மெக்கானிக்மாரின் கெட்டித்தனம் மட்டும் இல்லை. அந்தக் கார்கள் யாரையும் கேள்வி கேட்காதவை. திறந்து பார்க்கலாம், மாற்றலாம். இன்றைய கார் மண்ணெண்ணெயை ஏற்காது, பக்கத்து வீட்டுக் காரின் பெட்டியையும் ஏற்காது.

பழைய காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அந்தப் புகையும் உண்மை, அந்தக் களவும் உண்மை. ஆனால் எங்களைப் போன்ற நாட்டில் கார் என்பது பாவித்து வந்து, திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டுகிற பொருள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருசமும் இருந்த கார்களை ஓடவைத்தவை பழைய பாட்ஸும் சின்னக் கராஜுகளும்தான். ரகசிய எண் ஆரிட்ட இருக்கு என்பது எங்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. ஒரு குடும்பம் தன் காரை வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி.

நண்பனின் காருக்குக் கடைசியில் என்ன நடந்தது? வெள்ளத்தில் பழுதான பெட்டியின் நினைவகச் சிப் தப்பியிருந்தது. கராஜ் அண்ணைக்குத் தெரிந்த ஒரு பெடியன் அதில் இருந்த அறிமுகத்தை எடுத்துப் புதிதாக வாங்கிய பெட்டியில் எழுதித் தந்தான். சிவப்பு லைற் அணைந்தது, எஞ்சின் பிடித்தது. அதே வேலையை ஒரு கள்ளனுக்காகவும் அவனால் செய்ய முடியும்.

ஆனால் அவன் மடிக்கணினியைத் திறக்க முன்னர் ஒன்று கேட்டான். காரின் புத்தகத்தையும் நண்பனின் அப்பாவுடைய அடையாள அட்டையையும். இரண்டிலும் பெயரை ஒத்துப் பார்த்தான். பிறகுதான் வேலையைத் தொடங்கினான்.